பன்னிரண்டாவது கட்டர்

கம்பி வெட்டும் புதுக் கட்டர் ஒன்று கைக்கு வந்தால் அவள் உடனே அதை வைத்து எதையும் வெட்ட மாட்டாள். அதன் வாயை மூடிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்துவாள். இரண்டு அலகும் சேரும் இடத்தில் ஒரு முடி அளவு வெளிச்சம் கசிந்தாலும் அது கழித்தவை கிடக்கும் இடதுபக்கத் தட்டுக்குப் போய்விடும். கசியாவிட்டால் கைப்பிடிகளை ஆட்டி, மூட்டில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். அடுத்து ஒரு மெல்லிய தாளை நுனியால் மட்டும் வெட்டுவாள். அதற்கப்புறம் செம்புக் கம்பி. கடைசியாகச் சின்ன அரம் ஒன்றை எடுத்து வெட்டுவாயின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை இழுப்பாள். அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுரண்டினால் எஃகு மென்மையானது, நாலு நாளில் மழுங்கிவிடும் என்று அர்த்தம். அப்படிப்பட்டதை “சோம்பேறி” என்பாள்.

நாங்களாக இருந்தால் அதோடு விட்டிருப்போம். அவள் அதே அரத்தைக் கீழே இறக்கி, கட்டரின் கழுத்தில், மூட்டுக்கு அருகிலும் இழுப்பாள். அங்கே அரம் கொஞ்சம் பிடிக்க வேண்டும். அங்கேயும் வழுக்கினால் அவள் முகம் மாறிவிடும். முழு உடம்பும் விறைத்துப்போன எஃகு அது. மழுங்காது, ஆனால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். “இவன் கோவக்காரன்” என்று சொல்லி, அதை இடதுபக்கத் தட்டில்கூட வைக்காமல் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றிலும் தேறிய கட்டருக்கு அவள் சொல்லும் ஒரே வார்த்தை “பரவால்ல.”

இருபத்தாறு வருடங்களுக்கு முந்தைய கதை. திருவனந்தபுரத்தில் டெலிபோன் போர்டுகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் முப்பது பெண்கள் வேலை பார்த்தோம். ஈயம் வைத்துச் சால்டர் செய்த போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களை வெட்டிவிடுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கால்கள். கட்டர் மழுங்கியிருந்தால் சாயங்காலம் கட்டை விரல் மடங்காது. அந்தக் கட்டர்களையும் பிளையர்களையும் வாங்கி, சோதித்து, எங்களுக்குக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கிப் பூட்டுவது அவள் பொறுப்பு. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மலையாளிப் பெண்கள் சேச்சி என்றார்கள், நான் அக்கா என்றேன். பெயரை எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. எழுதவில்லை.

அவளைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகளின் வலது கண். போன மாதம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காலேஜ் புராஜெக்டுக்காக ஒரு ஸ்பிரிங் கம்பியை அவள் வெட்டும்போது கட்டரின் நுனி உடைந்து தெறித்துக் கருவிழியில் தைத்தது. அந்தக் கட்டர் என்னுடையது. அது உடையும் என்று எனக்கு முன்பே தெரியும். சொன்னவள் அக்கா. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெட்டியது தன் தப்பு என்று மகள் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்று வாரம் அதைக் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் அது எப்படிப்பட்ட மௌனம் என்று புரியும்.

கம்பெனிக்கு வேண்டிய சாமான்களைச் சாலை என்கிற கடைத்தெருவில்தான் வாங்குவாள். என் அப்பாவுக்கு அங்கே ஒரு அரிசி மண்டியில் வேலை. கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அதனால் சில சமயம் என்னையும் துணைக்குக் கூட்டிப்போவாள். “நீ சாலைக்காரி. உன்னப் பாத்தா அண்ணாச்சி என்ன வெரட்ட மாட்டாரு” என்பாள்.

அந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். அவள் படி ஏறுவதைப் பார்த்ததும் மின்விசிறியைக் கூட்டிவைப்பார், தனக்கு. ஒருமுறை நாற்பது கட்டர்களை எடுத்துப் போட்டபின் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தன தடவ உத்துப் பாக்க மாட்டான். ஒரு கட்டருக்கு இம்புட்டுச் சீரா?”

“முப்பது பொண்ணு இருக்கு அண்ணாச்சி எங்க வீட்டுல. மாப்பிள்ளைய நான் பாக்காண்டாமா?”

“பாரு, பாரு. கைப்பிடியில குரோம் வனேடியம் எஃகுன்னு அடிச்சிருக்கே, அது கண்ணுக்குத் தெரியலயா?”

“அடிக்கதுக்கு என்ன? என் நெத்தியிலயும் கலெக்டர்னு அடிச்சுக்கிடலாம்.”

பக்கத்தில் ஆணி வாங்க நின்றவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு நாற்பதில் பதினேழுதான் தேறியது. மீதியையும் அவள் கடையில் விட்டுவைக்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

பழவங்காடி வரை நடந்து வரும்போது கேட்டேன். “உண்மையிலேயே நல்ல எஃகா இருந்தா?”

“அரிசி நல்லதுதான்டி. வடிக்கத் தெரியாண்டாமா?” என்றாள். பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அந்த விறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இரண்டாவது சூடு பிடிக்க நேரமாகும். அவசரக்காரன் அதை விட்டுவிடுவான், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. “தெரியாது மட்டுமில்ல, அதுதான் ரொம்ப நல்லா வெட்டும். அதான் பயம்.”

எங்கள் முப்பது பேர் கையும் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு விரல் குட்டை, யாருக்கு மழைக்காலத்தில் மூட்டு வீங்கும், யார் கோபம் வந்தால் கட்டரை மேசையில் எறிவாள், எல்லாம் தெரியும். என் கட்டை விரலின் அடியில் காய்ப்பு விழுந்திருந்ததை நான் கவனிப்பதற்கு முன் அவள் கவனித்தாள். மறுநாள் என் மேசையில் கைப்பிடி அகலமான வேறொரு கட்டர் இருந்தது.  நான் போய் “நல்லா இருக்கு அக்கா” என்றதற்கு, “பரவால்லன்னு சொல்லு, போதும்” என்றாள்.

ஆனால் அவளைப் பற்றிக் கம்பெனியில் எல்லோரும் பேசிக்கொண்டது வேறொரு பழக்கத்தை. கழித்துப்போட்டதை அவள் திருப்பி அனுப்ப மாட்டாள். வைஸ் என்கிற மேசை இடுக்கியில் இறுக்கி, சுத்தியலால் ஒரே அடி. நுனி தனியாக, உடம்பு தனியாகப் போகும். உடைந்த துண்டுகளைக் காட்டினால் அதற்குப் பதில் வேறு கொடுக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் அவளே பேசி வைத்திருந்தாள். மானேஜர் சாருக்கு இது பிடிக்கவே இல்லை.

“எந்தினா கொச்சே பொட்டிக்குந்நது? திரிச்சு அயச்சா போரே?” என்று ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். எதற்கு உடைக்கிறாய், திருப்பி அனுப்பினால் போதாதா என்று.

“திருப்பி அனுப்புனா கடைக்காரர் அத அடுப்புலயா போடுவாரு சார்? வேற ஒருத்தி கையில குடுப்பாரு.”

“அது நம்முடெ பிரச்னம் அல்லல்லோ” என்றார், அது நம் பிரச்சினை இல்லையே என்று.

அவள் அடுத்த கட்டரை வைஸில் வைத்தாள். சார் அறையை விட்டுப் போகும் வரை காத்திருந்து அடித்தாள். அது அவள் கொடுத்த மரியாதை.

இது ஏன் என்று ஒரே ஒருமுறை சொன்னாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெண்டைக்காய்ப் பொரியலை என் டப்பாவுக்குத் தள்ளிக்கொண்டே. அவள் போனக்காடு என்ற மலை ஊரில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்தில் வேலை. செடியைக் கவாத்து வெட்டுவதற்குத் தோட்டத்திலிருந்து கத்தி கொடுப்பார்கள். ஒரு வருடம் வந்த கத்திகள் சரியில்லை என்று மேல் டிவிஷன் ஆட்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அவை திரும்பிப் போகவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்கி வந்தன. அவள் அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. மூன்றாம் நாள் கத்தி பாதியில் முறிந்து இடது கையில் இறங்கியது. “இந்த ரெண்டு விரலும் அப்புறம் மடங்கவே இல்ல” என்று தன் கையில் காட்டினாள். “மேல உள்ளவங்க நல்லவங்கதான். வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஒடச்சுப் போட்டிருக்கலாம்ல?” இவ்வளவுதான் சொன்னாள். பிறகு பொரியலில் உப்பு கூடிவிட்டதா என்று கேட்டாள்.

இதைக் கேட்ட பிறகும் நான் அதைச் செய்தேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் எல்லோர் வீட்டிலும் ரிஜெக்ட் சாமான் இருக்கும். கீறல் விழுந்த டெலிபோன், மூடி பொருந்தாத டப்பா, நிறம் மாறிய ஒயர். ஓணத்துக்கு முன்னால் ஸ்டோரைக் காலி செய்யும்போது ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. கழித்த பொருள்தானே, வீணாகப் போகாமல் வீட்டுக்குப் போகிறது என்றுதான் எண்ணம். அக்காவின் அறையிலிருந்து மட்டும் எதுவும் யார் வீட்டுக்கும் போனதில்லை. அங்கே கழித்தது எல்லாம் இரண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

ஒரு ஆகஸ்டு மாதம் பன்னிரண்டு கட்டர் கொண்ட ஒரு பெட்டி வந்தது. அழகான கட்டர்கள். அன்று வழக்கத்துக்கு மாறாக அவள் முதலில் எங்களைத்தான் வெட்டிப்பார்க்கச் சொன்னாள். நான் ஒன்றை எடுத்து ஒரு போர்டு முழுவதும் வெட்டினேன். முருங்கைக்கீரையைக் காம்போடு கிள்ளுவது போல இருந்தது. அவ்வளவு சுலபமாக ஒரு கருவி என் கையில் அதற்கு முன் நின்றதில்லை. ஜன்னல் வெளிச்சம், தாள், செம்பு எல்லாம் தேறின. கழுத்தில் அரத்தை இழுத்தாள். வழுக்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வழுக்கியது. மடி நிறைந்துவிட்டது.

சந்தேகத்துக்கு ஒன்றை வைஸில் வைத்து உடைத்தாள். உடைந்த முகத்தை என்னிடம் காட்டினாள். “நல்லதுன்னா உள்ள சாம்பல் மாதிரி நைஸா இருக்கணும். இது பாரு.” சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல உள்ளே பொடிப்பொடியாக மின்னியது. “சூட்டுல ரொம்ப நேரம் விட்டுட்டான். மணி மணியா வளந்துபோச்சு. பன்னெண்டும் ஒரே சூட்டுல வந்தது. எல்லாம் கோவக்காரன்தான்.”

அந்த நேரம் பார்த்து மானேஜர் கூப்பிட்டார். மடியில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு அவள் போனாள். மேசையில் பதினொன்று இருந்தது. நான் வெட்டிப்பார்த்ததை எடுத்து என் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இவ்வளவு நன்றாக வெட்டுவதை உடைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. அவள் அம்மாவின் விரல்களால் அவள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள் என்றும் தோன்றியது. என்னுடைய கை அதை விட விரும்பவில்லை, அதுதான் உண்மை.

மாலையில் எண்ணிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் எங்களிடம் கேட்டாள். அந்த மேசைப் பக்கம் வந்துபோனவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் எடுக்கவில்லை என்றோம். அவளும் சத்தம் போடவில்லை.

பிறகு அவள் செய்ததைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். பேயாடு, நேமம், பாறசாலை வரைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாவது ஞாயிறு. மழையில் நனைந்து வந்தாள். அம்மா துண்டு கொடுத்து, அடுப்பைப் பற்றவைத்துத் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள்.

“ஒரு கட்டர் கொறையுது. எடுத்தவ மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. அது கைக்கு ஆவாது, அவ்வளவுதான். யாருகிட்டயாவது இருக்கதா ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு.”

“எனக்குத் தெரியாது அக்கா.”

“சரி.”

இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதை அம்மா வற்புறுத்தி வைத்தாள். கிளம்பும்போது தன் கைப்பையைத் திறந்து நீலக் கைப்பிடி போட்ட ஒரு கட்டரை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் சொந்தக் காசில் வாங்கி, சொந்தமாக வைத்திருந்தது. “வீட்டுக்கு ஒரு கட்டர் வேணும்னு சொன்னல்ல? இத வச்சுக்கோ. மழுங்கும். மழுங்குனா தீட்டிக்கிடலாம்.” நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

இரண்டு வருடத்தில் கம்பெனி மூடியது. எனக்குக் கல்யாணமாகிக் கரமனைப் பக்கம் வந்துவிட்டேன். இரண்டு கட்டரும் என்னோடு வந்தன. நீலக் கைப்பிடிக்காரனை இரண்டு தடவை தீட்ட வேண்டியிருந்தது. மற்றது மழுங்கவே இல்லை. நூல், ஒயர், மகளின் கொலுசுக் கொக்கி, பிளாஸ்டிக் பட்டை, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பேன். “எங்க டூல்ரூம் அக்கா இத வேஸ்ட்னு சொன்னா. இருபது வருஷம் ஆச்சு, பாருங்க” என்று கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவளும் தப்பு செய்வாள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மகள் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனபோது டிராயரைத் திறந்து காட்டி, “ரெண்டுல இதுதான் நல்லது” என்று நானே சொன்னேன்.

ஸ்பிரிங் கம்பியைக் கொடுத்திருந்தால் நீலக் கைப்பிடிக்காரன் வெட்டுவாயில் பள்ளம் விழுந்து கெட்டுப்போயிருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். எள்ளைவிடச் சிறியது. மூன்று தையல். பார்வை வரும், எவ்வளவு வரும் என்பதைத் தையல் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து உடைந்த கட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சர்க்கரையாக மின்னியது.

அதன் பிறகு நான் சரியாக இல்லை. வீட்டிலிருந்த கத்தரிக்கோல், பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டுப் பரணில் ஏற்றினேன். குக்கர் விசில் அடித்தால் மகளின் அறைக்கு ஓடினேன். அவளோ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புராஜெக்டிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கூடப் படிப்பவர்களுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாள். “கண்ணாடி போடணும்னு லேப்ல முதல் நாளே சொல்லித்தந்தாங்களே, அம்மா. ஒரு கம்பி வெட்டத் தெரியாத ஞான் எந்து இஞ்சினியர்?” என்றாள். “விடும்மா, யாருக்கும் நடக்கும்” என்றேன் நான். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது?

மூன்றாம் வாரக் கடைசியில், பழைய தோழி ஒருத்தியிடம் கேட்டு அக்காவின் எண்ணை வாங்கினேன். விதுராவில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள் என்றாள் தோழி. மத்தியானம் மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன்.

பெயரைச் சொன்னதும், “யாரு, சாலைப் பொண்ணா? ஏன்டி கொரலு இப்படி இருக்கு?” என்றாள். இருபத்து நான்கு வருடம் பேசவில்லை என்பதையே அவள் கணக்கில் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்தது நான் என்பதை முதலில் சொன்னேன், பிறகு மகளை. 

“எந்தக் கண்ணு?”

“வலது.”

“கருமணியிலயா?”

“ஓரத்துல அக்கா. மூணு தையல்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. 

“அன்னைக்கு ஒன் மேச டிராயர் பாதி தொறந்து கெடந்துச்சு” என்றாள். “நான் பாத்தேன். கைப்பிடி தெரிஞ்சுது.”

“அப்பவே ஏன் கேக்கல அக்கா?” என்றேன்.

“ஒங்கம்மா பக்கத்துல நின்னு தோச ஊத்துதாங்க. பெத்தவ முன்னால புள்ளையக் கள்ளின்னு ஆக்குததுக்கு எனக்கு மனசு வரல. நல்லத ஒண்ணு குடுத்துட்டா நீ அத தூரப் போட்டுருவன்னு நெனச்சேன். பன்னெண்டும் ஒடச்சாச்சுன்னு ஸ்டோர் நோட்டுல எழுதி ஒப்பும் போட்டுட்டேன். எடுத்திருக்கணும்டி. கைய நீட்டி எடுத்திருக்கணும். கூச்சப்பட்டுட்டேன். என்ன மன்னிச்சிரு.”

“அக்கா, நீங்க ஏன்… எடுத்தது நான்லா?”

“ஒன் கையில இருந்து வாங்காதது நான்லா?” அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. “புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது. தன் மேல தப்புன்னு நெனச்சுக் கெடக்கா.”

“நீ சொல்லலியா?”

“இல்ல.”

“அடிப் பாவி” என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது. ஒருவரின் காயத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. “போ. இப்பமே போய்ச் சொல்லு. வை போனை.”

செய்யாத தப்பை மகள் எடுத்துக்கொண்டாள். நான் செய்த தப்பை அக்கா, கேட்ட மறு நிமிடமே, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செய்தவள் மாடியில் கைப்பேசியோடு நிற்கிறேன். படி இறங்கி மகளின் அறைக்குப் போனேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு. நான் எதிரே உட்கார்ந்து, அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து சொன்னேன். நானே “இதுதான் நல்லது” என்று காட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோபம் வந்தால் அவள் முழுக்க மலையாளத்துக்குப் போய்விடுவாள். “அப்போ அம்மைக்கு அறியாமாயிருந்நு” என்றாள். உனக்குத் தெரிந்திருந்தது என்று. அது கேள்வி இல்லை. தெரியும் என்று தலையசைத்தேன். பிறகு தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “மூணு வாரமா நான் என்னை நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுகிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“வெளிய போங்க அம்மா.”

போனேன். கதவு சாத்திக்கொண்டது. அன்று மதியம் முழுக்க அது திறக்கவில்லை. மறுநாள் காலையில் சொட்டு மருந்து விட மட்டும் முகத்தைக் காட்டினாள். மத்தியானம் கதவை ஒரு கையளவு திறந்து, “அவங்க நம்பர்” என்றாள். கொடுத்தேன்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்பது தப்புதான்.

“ஆன்ட்டி, நான்தான்… ம்… இல்ல, வலி கொறஞ்சிருக்கு… இல்ல ஆன்ட்டி, நீங்க அழாதீங்க, ப்ளீஸ்… ஒரு டவுட் கேக்கட்டா? பன்னெண்டுல ஒண்ணத்தான ஒடச்சுப் பாத்தீங்க? மத்த பதினொண்ணும் அப்படித்தான்னு எப்படி உறுதியா சொன்னீங்க?”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. நீளமான பதில். நடுவில் மகள் “ஓ” என்றாள். “கழுத்துலயா?” என்றாள். காகிதம் புரளும் சத்தம் வந்தது. “ஒரு நிமிஷம், எழுதிக்கிடறேன்” என்றாள். அப்புறம், எதற்கென்று தெரியவில்லை, சிரித்தாள். சின்னச் சிரிப்பு.

என் கையில் சொட்டு மருந்துக் குப்பி இருந்தது. மூன்று மணிக்கு விட வேண்டிய மருந்து. கூடத்துக் கடிகாரத்தில் மூன்று தாண்டி ஏழு நிமிடம். உள்ளே அவள் இன்னொரு கேள்வி கேட்கத் தொடங்கினாள். நான் கதவைத் தட்டவில்லை.